ஒரு மீனுக்கு இத்தனை நிர்வாகங்களா? சால்மன் மீட்பில் ஊர்த்தலைவர்கள் கூடி வேலை செய்வது எப்படி

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில் நகரத்தின் குடிதண்ணீரில் பெரும்பகுதி சீடர் என்ற ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றின் கூழாங்கற்களுக்கு அடியில் சினூக் என்ற வகை சால்மன் மீனின் முட்டை ஒன்று பொரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குஞ்சு கடலுக்குப் போகும் வழியில் யார் யார் கைக்குள் அகப்படுகிறது என்று பார்க்கலாம்.

ஆற்றின் மேல்பகுதிக் காடு சியாட்டில் மாநகராட்சிக்குச் சொந்தம். குடிநீருக்காக யாரும் நுழையாதபடி பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கீழே வந்தால் கிங் கவுன்டி நிர்வாகம் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). அதற்கும் கீழே ரென்டன் நகரம். வெள்ளம் ஊருக்குள் வராமலிருக்க அங்கே ஆற்றுக்குக் கரை கட்டி இறுக்கியிருக்கிறார்கள். பிறகு ஆறு வாஷிங்டன் ஏரியில் விழுகிறது. ஏரியைச் சுற்றி பெல்வியூ, கிர்க்லண்ட், மெர்சர் ஐலண்ட் என்று வரிசையாக ஊர்கள், கரையோரம் வசதியான வீடுகள், வீட்டுக்கு வீடு படகுத்துறை. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் கால்வாயில் பேலர்ட் என்ற இடத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள் இருக்கின்றன. அவை ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பு. கடலுக்குள் போய்விட்டால் மத்திய அரசின் கடல்மீன் துறை. யார் எத்தனை மீன் பிடிக்கலாம் என்பதை மாநில அரசும் பழங்குடி அரசுகளும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இன்னும் வடக்கே நீந்தினால் கனடா. அதற்காக 1985ல் இரண்டு நாடுகளும் போட்ட சால்மன் ஒப்பந்தம் தனியாக இருக்கிறது.

இதில் ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் தன் வேலையை ஒழுங்காகவே செய்யலாம். மீனுக்கு அது போதாது. ஏரியில் பத்து வருஷம் பாடுபட்டுக் கரையைச் சரி செய்திருப்பார்கள். கால்வாயில் தண்ணீர் சூடாகிவிட்டால் திரும்பி வரும் மீன் ஏரிக்கு வந்து சேராது. அதனால்தான் சால்மன் மீட்பை ஊர் ஊராகப் பிரித்துச் செய்ய முடியாது, ஓர் ஆற்றுப்படுகை முழுவதற்குமாக, அப்புறம் ஒரு வட்டாரம் முழுவதற்குமாகச் செய்ய வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் இது எப்படி நடக்கிறது, உண்மையில் பலன் இருக்கிறதா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம்

பசிபிக் கரையில் சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க் என்று ஐந்து வகை சால்மன் முக்கியமானவை. இவற்றோடு, கடலுக்குப் போய்வரும் ட்ரவுட் வகையான ஸ்டீல்ஹெட்டையும் சேர்த்துச் சொல்வார்கள். எல்லாம் நன்னீரில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து முட்டையிடுபவை. ஸ்டீல்ஹெட்டைத் தவிர மற்ற ஐந்தும் முட்டையிட்டதும் செத்துவிடும். அந்த உடல்களைக் கரடியும் கழுகும் தின்று போட, மிச்சம் ஆற்றோரக் காட்டுக்கு உரமாகிறது. கடலின் சத்து இப்படி மலையேறி மரத்துக்குப் போகிறது.

ஒரு சினூக் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதில் பெரியதாகி வீடு திரும்புவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். முட்டைக்குக் காற்றோட்டம் கிடைக்கிற மாதிரி சேறில்லாத கூழாங்கல் வேண்டும். குஞ்சு ஒதுங்க விழுந்த மரங்களும் பக்கக் கிளைகளும் வேண்டும். கடலுக்குள் நுழையும் முன் உப்புத் தண்ணீருக்குப் பழக, அலையேறி இறங்கும் கழிமுகச் சதுப்பு வேண்டும். கடந்த 150 வருஷத்தில் மனிதர்கள் கைவைத்தது சரியாக இந்த இடங்களில்தான். காட்டை வெட்டினார்கள், அணை கட்டினார்கள், சதுப்பைக் கரை போட்டு வயலாக்கினார்கள், ஆற்றை நேராக்கினார்கள். 1916ல் கப்பல் கால்வாய்க்காக வாஷிங்டன் ஏரியின் மட்டத்தையே சுமார் 9 அடி இறக்கினார்கள்; அதே காலகட்டத்தில் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்த சீடர் ஆற்றை ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். ஏரியிலிருந்து அதுவரை தண்ணீர் கொண்டுபோன பிளாக் ஆறு வறண்டே போனது.

இதற்கெல்லாம் நடுவில் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு. குறையும் மீனுக்கு ஈடாகக் குஞ்சு பொரிப்பகங்கள் வந்தன. அவற்றால் மீன் கிடைத்தது, ஆனால் காட்டு மீனின் குணம் நீர்த்துப்போகிறது என்ற சச்சரவும் கூடவே வந்தது. வாழிடம், பிடிப்பு, பொரிப்பகம், அணை: சால்மன் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்த நான்கைச் சுற்றித்தான் பேச்சு நடக்கும்.

ஒற்றுமைக்கு முன்னால் நடந்த சண்டை

ஊர்த்தலைவர்கள் ஒன்றுகூடினார்கள் என்று சொன்னால் எல்லோரும் நல்ல மனசோடு கூடினார்கள் என்று தோன்றும். நடந்தது அப்படியில்லை.

1854, 1855 ஆண்டுகளில் அந்தப் பிரதேசத்தின் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் அங்கிருந்த பழங்குடிகளுடன் ஒப்பந்தங்கள் போட்டார். பழங்குடிகள் நிலத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் வழக்கமாகப் பிடிக்கும் இடங்களில் மற்ற குடிமக்களோடு சேர்ந்து மீன் பிடிக்கும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் மாநில அரசு அந்த உரிமையை மதிக்கவில்லை. நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் தன் ஆற்றில் வலை போட்டதற்காக 1945ல், 14 வயதில், முதன்முதலாகக் கைதானார். அதன்பின் கைதானது ஐம்பது தடவைக்கு மேல். 1960களிலும் 1970லும் ஆற்றங்கரையில் போலீஸ் தடியடி, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தன.

1974 பிப்ரவரி 12ல் மத்திய நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார்: பிடிக்கத் தக்க மீனில் பாதி வரை பழங்குடிகளின் பங்கு. வெள்ளை மீனவர்கள் கொதித்தார்கள், நீதிபதியின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். மாநில அரசும் இழுத்தடித்தது. 1979ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ஏறக்குறைய அப்படியே உறுதி செய்த பிறகுதான் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். 1980களின் நடுவிலிருந்து மாநிலமும் பழங்குடிகளும் மீனைச் சேர்ந்து நிர்வகிக்கின்றன. எத்தனை வருடம் சிறைவாசலில் நின்றாரோ, அதே பில்லி ஃபிராங்க், மேற்கு வாஷிங்டன் பழங்குடிகளின் மீன்வள ஆணையத்துக்கு முப்பது வருஷத்துக்கும் மேல் தலைவராக இருந்து எதிராளிகளோடு பேசினார். 2014ல் காலமானார்.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பின்னால் வந்த கூட்டுமுயற்சி எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. பழங்குடிகள் அந்தக் கூட்டங்களுக்குக் கோரிக்கை மனு கொடுக்க வருபவர்களாக வரவில்லை. மாநிலத்துக்குச் சமமான அரசாக வந்தார்கள். அதோடு, மீனில் பாதி எங்களுடையது என்றால், மீனே இல்லாமல் போனால் உரிமைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவும் முடிந்தது. ரோட்டுக்கு அடியில் ஓடையைக் கடத்திவிடும் குழாய்கள் மீனை மறிக்கின்றன என்று 2001ல் இதே அடிப்படையில் வழக்குப் போட்டார்கள். அந்தக் குழாய்களில் பெரும்பாலானவற்றை மாற்ற வேண்டும் என்று 2013ல் உத்தரவு வந்தது. 2018ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் அந்த உத்தரவே நிலைத்தது. மாநிலத்துக்கு இதன் செலவு பல நூறு கோடி டாலர்.

போல்ட்டின் 1974 தீர்ப்பு இல்லாமலிருந்தால் சால்மன் கூட்டங்கள் டீயும் பிஸ்கட்டுமாக முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

1999: மத்திய அரசு கதவைத் தட்டியது

நிலத்துக்குள் நீளமாகப் புகுந்திருக்கும் கடல்பகுதிக்கு பியூஜெட் சவுண்ட் என்று பெயர். சியாட்டில், டகோமா, எவரெட் எல்லாம் அதன் கரையில்தான் இருக்கின்றன. 1999 மார்ச்சில் பியூஜெட் சவுண்ட் சினூக் மீனை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் காக்கும் மத்தியச் சட்டத்தின் கீழ் பட்டியலிட்டார்கள். ஹூட் கால்வாய்ப் பகுதியின் (பெயரில்தான் கால்வாய், உண்மையில் பியூஜெட் சவுண்டின் நீண்ட கடற்கிளை) கோடைக்கால சம் சால்மனும் அதே சமயத்தில் பட்டியலுக்குள் வந்தது. 2007ல் ஸ்டீல்ஹெட்டும் சேர்ந்தது.

இந்தச் சட்டத்துக்குப் பல் உண்டு. மீனைப் பிடித்துக் கொல்வது மட்டும் குற்றமில்லை, அதன் வாழிடத்தைக் கெடுத்து மீனுக்குத் தீங்கு செய்வதும் குற்றம். எங்கோ ஆளில்லாத காட்டில் இருக்கும் ஒரு பறவைக்காக இதைப் போடுவது ஒன்று. லட்சக்கணக்கான மக்கள் வாழும் பெருநகரத்தின் நடுவே ஓடும் மீனுக்காகப் போடுவது வேறு. ரோடு போடுவது, வீடு கட்ட அனுமதி கொடுப்பது, மழைத்தண்ணீரை வடிகாலில் விடுவது என்று நகராட்சி செய்கிற எல்லா வேலையிலும் யாராவது வழக்குப் போடலாம். மேயர்களுக்கும் கவுன்டித் தலைவர்களுக்கும் தூக்கம் போனது.

அவர்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. தலைநகர் வாஷிங்டன் டிசியிலிருந்து திட்டம் வரட்டும் என்று காத்திருப்பது ஒன்று. நாமே திட்டம் எழுதி அதை மத்திய அரசு ஏற்கும்படி செய்வது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலச் சட்டசபை 1998லேயே இதற்கான சட்டத்தைப் போட்டிருந்தது. 1999ல் சால்மன் மீட்பு நிதி வாரியம் வந்தது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரக்கல்ஷாஸ், அமெரிக்க மத்திய சுற்றுச்சூழல் அமைப்பின் முதல் தலைவராக இருந்தவர். பியூஜெட் சவுண்ட் பகுதியின் மேயர்கள், பழங்குடித் தலைவர்கள், விவசாயிகள், தொழில்காரர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே திட்டம் எழுத வைத்த முயற்சிக்கும் அவரே முன்னின்றார். ஒவ்வோர் ஆற்றுப்படுகையும் தன் அத்தியாயத்தைத் தானே எழுதியது. 22 தனித்தனி சினூக் மீன்கூட்டங்களுக்கும் என்ன வேண்டும் என்று எழுதப்பட்ட அந்தத் திட்டத்தை 2007 ஜனவரியில் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது.

சரி, ஒரு வேலை எப்படி முடிவாகிறது?

பொதுவாகக் கட்டுரைகள் இந்த இடத்தில் "எல்லோரும் கைகோத்தார்கள்" என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும். எனக்கு இந்த இடம்தான் சுவாரசியம்.

மாநிலம் தண்ணீர்க் கணக்குக்காக 62 நீர்வளப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிரிவினைக் கோடுகள் மாவட்ட எல்லைப்படி இல்லை, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறதோ அப்படிப் போகும். அந்தப் பகுதிக்குள் இருக்கும் கவுன்டிகளும் நகரங்களும் பழங்குடிகளும் கூடி, சால்மன் வேலைக்கென்று ஒரு முன்னணி அமைப்பைத் தேர்ந்தெடுக்கும். சில இடங்களில் அது கவுன்டி, சில இடங்களில் பழங்குடி, சில இடங்களில் தனிக் குழு. சட்டப்படி அதற்கு ஒரு குடிமக்கள் குழு இருக்க வேண்டும். அதில் நகராட்சிக்காரர், பழங்குடியினர், நிலச்சொந்தக்காரர், வியாபாரி, சுற்றுச்சூழல் அமைப்பினர், தொண்டர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. இன்னொரு பக்கம் மீன் அறிவியல் தெரிந்த தொழில்நுட்பக் குழு.

ஒரு கற்பனை உதாரணம். ஆற்றோரம் நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், தன் கரையை நூறு மீட்டர் பின்னுக்குத் தள்ளிக் கட்டச் சம்மதிக்கிறார். இடைப்பட்ட நிலத்தில் வெள்ளம் பரவும், குஞ்சுகள் ஒதுங்கும். உள்ளூர் அமைப்பு ஒன்று இதை விண்ணப்பமாகப் போடுகிறது. தொழில்நுட்பக் குழு நேரில் வந்து பார்க்கிறது: மீனுக்கு உண்மையில் பயன் இருக்கிறதா, இல்லை யாரோ தன் வீட்டுக்கு வெள்ளத் தடுப்பு வாங்கப் பார்க்கிறாரா? மதிப்பெண் போடுகிறது. அப்புறம் குடிமக்கள் குழு எல்லா விண்ணப்பங்களையும் வரிசைப்படுத்துகிறது. ஊரார் ஒத்துழைப்பு, செலவு, நேரம் எல்லாம் இதில் கணக்கில் வரும். அந்த வரிசைப் பட்டியல் மாநில நிதி வாரியத்துக்குப் போகிறது. வாரியத்தின் நிபுணர் குழு ஒருமுறை சலித்துப் பார்க்கும். பணத்தில் ஒரு பங்கு மாநிலத்துடையது, ஒரு பங்கு மத்திய அரசு 2000ல் தொடங்கிய பசிபிக் கரை சால்மன் நிதியிலிருந்து வருவது. விண்ணப்பித்தவர்கள் பொதுவாகச் செலவில் 15 சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ கொண்டுவர வேண்டும்.

இதில் யாரையும் கட்டாயப்படுத்தி நிலம் வாங்குவதில்லை. சொந்தக்காரர் மாட்டேன் என்றால் வேலை நின்றுவிடும். நல்லதும் கெட்டதும் இதிலேயே இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கஷ்டமான பகுதி அந்த வரிசைப்படுத்தல். தன் ஊருக்கு வேலை வர வேண்டும் என்றுதான் எந்த மேயரும் நினைப்பார். ஆனால் சீடர் ஆற்றில் கரையைத் தள்ளிக் கட்டுவது பெல்வியூ ஓடையில் செடி நடுவதைவிடச் சினூக்குக்கு அதிகப் பயன் என்று பட்டியல் சொன்னால், பெல்வியூ பிரதிநிதி தலையாட்டித்தான் ஆக வேண்டும். வாஷிங்டன் ஏரி, சீடர், சமாமிஷ் படுகையில் இரண்டு கவுன்டிகளும் இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களும் ஒரு பொது ஒப்பந்தம் போட்டு, குழுவின் ஊழியர் செலவை மக்கள்தொகை, பரப்பு, சொத்து மதிப்பு மூன்றையும் வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. பணம் போட்டவர் கூட்டத்துக்கு வருவார். அற்ப விஷயமாகத் தெரியும், ஆனால் இருபது வருஷத்துக்கும் மேல் ஒரு குழு கலையாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட அற்ப விஷயங்களே காரணம்.

விஞ்ஞானமும் ஊர் நியாயமும் மோதும் இடங்கள் உண்டு. சீடர் ஆற்றில் சியாட்டிலின் குடிநீர்த் தடுப்பணை லேண்ட்ஸ்பர்க்கில் இருக்கிறது. நூறு வருஷம் மீனுக்கு அங்கே வழியில்லை. 2003ல் மீன் ஏணி திறந்தார்கள். ஆனால் சினூக்கும் கோஹோவும்தான் மேலே போகலாம், சாக்கைக்கு அனுமதியில்லை. அது பெரும் எண்ணிக்கையில் வந்து செத்தால் குடிதண்ணீர் கெடும் என்ற கவலை. மீனுக்கும் நகரத்துக்கும் இடையே போட்ட சமரசம்.

தண்ணீரும் சாணமும்

ஒலிம்பிக் மலைத்தொடரின் மழை மறைவுப் பக்கத்தில் ஸ்குவிம் என்ற ஊர் இருக்கிறது. வாஷிங்டன் என்றாலே மழை என்று நினைப்போம், இங்கே வருஷத்துக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான். அதனால் 1890களிலேயே டஞ்சினஸ் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். கோடை முடிவில் ஆறு மெலியும். அதே நேரத்தில்தான் பயிருக்குத் தண்ணீர் அதிகம் தேவை, அதே நேரத்தில்தான் சினூக் முட்டையிட ஏறி வரும். வாய்க்காலில் தலைமடைக்காரர் எடுத்தது போக மிச்சத்தை நம்பியிருக்கும் கடைமடை விவசாயியின் நிலை மீனுக்கு.

இங்கே பேச்சுவார்த்தையில் ஜேம்ஸ்டவுன் ஸ்கிளாலம் பழங்குடியும் வாய்க்கால் சங்கங்களும் மாநிலமும் சேர்ந்தன. ஆற்றில் ஓடும் தண்ணீரில் பாதிக்கு மேல் எடுப்பதில்லை என்று 1998ல் வாய்க்கால் சங்கங்கள் ஒப்புக்கொண்டன. அதற்கு ஈடுகட்ட, மண் வாய்க்கால்களைக் குழாயாக மாற்றி ஒழுக்கைக் குறைக்கப் பொதுப்பணம் வந்தது. விவசாயியின் வயலுக்குப் போவது அதிகம் குறையவில்லை. வழியில் வீணானதுதான் ஆற்றில் நின்றது. இதிலும் ஒரு சிக்கல்: வாய்க்காலில் ஒழுகிய தண்ணீர் ஊரின் நிலத்தடி நீரை ஊற வைத்துக்கொண்டிருந்தது, குழாய் போட்டால் கிணறு என்னாகும் என்று கேள்வி எழுந்தது. இப்படி ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று தலைதூக்குவதால்தான் ஒரே கூட்டத்தில் எல்லாம் முடிவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மாட்டுச்சாணம் பற்றியது. சியாட்டிலுக்கு வடகிழக்கே ஸ்னோஹோமிஷ் ஆற்றுப்படுகையில் பால்பண்ணைகள் நிறைய இருந்தன. சாணம் ஆற்றில் கலந்தால் மீனுக்குக் கேடு. பழங்குடிகள் பண்ணைகள்மீது வழக்குப் போட்டிருக்கலாம். துலாலிப் பழங்குடி வேறு கணக்குப் போட்டது. பண்ணைக்காரர் நொடித்துப்போனால் அந்த நிலத்தில் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி வீடுகள் பெருகும், தார் ரோடு வரும். அது மாட்டைவிட மீனுக்கு மோசம். ஆகவே பழங்குடியும் பால்பண்ணைக்காரர்களும் ஒரு சால்மன் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து குவால்கோ என்ற லாப நோக்கமற்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மன்ரோ ஊருக்குப் பக்கத்தில், சிறைச்சாலையின் பழைய பால்பண்ணை இருந்த இடத்தில், 2008 முதல் சாணத்திலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் செய்கிறார்கள். இருவருக்கும் பொது எதிரி ரியல் எஸ்டேட் என்று தெரிந்தவுடன் பாதிச் சண்டை தீர்ந்துவிட்டது.

நிஸ்குவாலி ஆறு இன்னொரு மாதிரி. ரெய்னியர் மலையின் பனிப்பாறையில் பிறந்து, நீர்மின் அணைகளையும் மரக் கம்பெனிக் காடுகளையும் ராணுவ முகாமையும் விவசாய நிலத்தையும் பழங்குடி நிலத்தையும் கடந்து கடலில் சேர்கிறது. 1987லேயே, அதாவது சினூக் பட்டியலுக்கு 12 வருஷம் முன்பே, இத்தனை பேரையும் சேர்த்து ஆற்றுக்கு ஒரு குழு அமைத்தார்கள். முன்பே பழகியிருந்ததால் 1999 வந்தபோது அவர்களுக்கு ஆரம்பப் பாடம் தேவைப்படவில்லை. கழிமுகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கடல்தண்ணீரைத் தடுத்து நின்ற கரையை 2009ல் உடைத்தார்கள். 762 ஏக்கரில் மறுபடியும் அலையேறியது. பக்கத்திலேயே பழங்குடி தன் நிலத்திலும் கரைகளை அகற்றியிருந்தது. கரையை உடைத்த இடம் ஒரு வனவிலங்குச் சரணாலயம், அதற்கு இப்போது பில்லி ஃபிராங்க் ஜூனியர் பெயர்.

எல்வா ஆற்றை இங்கே சேர்க்கலாமா என்று யோசித்தேன். 1913லும் 1927லும் கட்டிய இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தார்கள், மீன் திரும்பி வந்தது, லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் 2023ல் மறுபடியும் கோஹோ பிடித்தார்கள். எல்லோரும் சொல்லும் வெற்றிக் கதை. ஆனால் அதை முடித்துவைத்தது 1992ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டம். அதற்குப் பின்னால் பழங்குடியின் பல பத்தாண்டுப் போராட்டம். ஊர்க் குழு கூடி அந்த அளவு அணையை இடிக்க முடியாது. குழுவால் ஆவது எது, ஆகாதது எது என்று பிரித்துப் பார்க்க இந்த உதாரணம் உதவும்.

பலன் இருக்கிறதா?

நேராகச் சொன்னால், 25 வருஷத்துக்கும் மேல் ஆகியும் பியூஜெட் சவுண்ட் சினூக் பட்டியலைவிட்டு வெளியே வரவில்லை. அதைத் தின்று வாழும் தென் வட்டாரக் கொலைத் திமிங்கிலங்கள் எழுபது சொச்சம்தான் மிச்சம். 2018ல் ஒரு தாய்த் திமிங்கிலம் இறந்த குட்டியை 17 நாள் தள்ளிக்கொண்டே நீந்தியதை உலகமே பார்த்தது.

நல்ல செய்தி ஹூட் கால்வாயின் கோடைக்கால சம் சால்மன். 1990களின் தொடக்கத்தில் சில ஓடைகளில் அடியோடு அழிந்திருந்தது. பிடிப்பைக் குறைத்தார்கள். பொரிப்பகத்தைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் பயன்படுத்தி, போதும் என்றவுடன் நிறுத்தினார்கள். மூன்று கவுன்டிகளும் இரண்டு பழங்குடிகளும் 1985 முதலே ஒரு மன்றமாக இருந்து கழிமுக நிலங்களை வாங்கிச் சீர்படுத்தின. இப்போது அந்த மீன் மீட்பு இலக்கை நெருங்கிவிட்டது. சின்னப் பகுதி, குறைந்த மக்கள், நன்னீரில் அதிக நாள் தங்காத மீன் என்பதும் காரணம். இதை வைத்துக்கொண்டு சினூக்கும் அப்படியே வரும் என்று யாரும் நம்பக்கூடாது.

சினூக்குக்கு ஏன் நடக்கவில்லை? இந்த அமைப்பு சம்மதத்தின்மேல் நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதன் மறுபக்கம் இது. மீட்பு வேலைக்குக் குழு போதும். ஆனால் பக்கத்திலேயே புது வீடு, புது ரோடு, புதுக் கடற்கரைச் சுவர் வருவதை நிறுத்த அந்தக் குழுவுக்கு அதிகாரமில்லை. பியூஜெட் சவுண்ட் கரையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கல்லாலும் கான்கிரீட்டாலும் மூடப்பட்டுவிட்டது. சீர்செய்வதைவிட வேகமாக வாழிடம் அழிகிறது என்று 2011ல் மேற்கு வாஷிங்டன் பழங்குடிகள் மத்திய அரசிடமே முறையிட்டார்கள். மேயர் ஒரு கையால் சால்மன் குழுவில் ஓட்டுப் போட்டு, மறு கையால் கட்டட அனுமதியில் கையெழுத்துப் போடுகிறார். குழுவில் யாரும் அதை முகத்துக்கு நேரே கேட்பதில்லை. கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார்.

குழுவின் எல்லைக்கே வராத ஆபத்துகளும் உண்டு. சியாட்டில் ஓடைகளைச் சீர்செய்து கோஹோவைத் திரும்ப வரவழைத்தார்கள். வந்த மீன் மழை பெய்ததும் முட்டையிடாமலே துடித்துச் செத்தது. காரணம் தெரியப் பல வருஷமானது. 2020 டிசம்பரில் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்: கார் டயரில் ரப்பர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம், காற்றில் ஓசோனோடு சேர்ந்து மாறி, டயர்த் தூசியாக ஓடைக்குப் போகிறது; கோஹோவுக்கு அது கொடிய விஷம். மழைத்தண்ணீரை மணலும் மக்கும் கலந்த மண் வழியாக வடித்து விட்டால் மீன் பிழைக்கிறது. அதை நகரங்கள் செய்யலாம், செய்கின்றன. ஆனால் டயரில் எதைச் சேர்ப்பது என்பதை எந்த ஆற்றுப்படுகைக் குழுவும் முடிவு செய்ய முடியாது. 2023ல் பியாலப், போர்ட் கேம்பிள் ஸ்கிளாலம், கலிபோர்னியாவின் யூரோக் ஆகிய மூன்று பழங்குடிகள் மத்திய சுற்றுச்சூழல் அமைப்பிடம் மனுக் கொடுத்தார்கள். அமைப்பு அதை ஏற்று விதிமுறை எழுதும் வேலையைத் தொடங்க ஒப்புக்கொண்டது.

ரெட்மண்ட், பெல்வியூ, சமாமிஷ் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. இந்த ஊர்களின் நகராட்சிகள் எல்லாம் மேலே சொன்ன ஏரிப்படுகைக் குழுவில் உறுப்பினர்கள். குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, யாரும் போய் உட்காரலாம். போனால் விண்ணப்பங்களின் வரிசைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த வேலை மேலே இருக்கிறது, உங்கள் ஊர் வேலை எத்தனையாவது, நிலச்சொந்தக்காரர் மறுத்ததால் விழுந்தது எது என்று கேளுங்கள். குழந்தைகளுக்கு மீனைக் காட்ட வேண்டுமென்றால் இசாக்வா ஊரின் நடுவில் இருக்கும் குஞ்சு பொரிப்பகத்துக்குச் செப்டம்பர், அக்டோபரில் போகலாம், கட்டணம் கிடையாது.